கரிமூட்டக்காரி ஐஸ் பிளான்டுக்குப் போனது

என் பாட்டைப் பற்றி இதில் ஒரு நல்ல வார்த்தை எழுத மாட்டேன். அது எங்கள் பாட்டுக்காரர் கூட்டில் போட்ட விதி. தன் பாட்டைத் தானே புகழக் கூடாது, அடுத்தவர் பாட்டைத்தான் ஊருக்குச் சொல்ல வேண்டும். பயணத்தைப் பற்றி எழுதலாமா என்று வாத்தியாரிடம் கேட்டேன். பயணம் பாட்டில் சேராது, எழுதுங்கள் என்றார். மூன்றாம் வகுப்போடு நின்ற கை. எழுத்து கோணலாகத்தான் வரும். வாத்தியார் திருத்திக்கொள்வார், அதற்குத்தானே வாத்தியார்.

விளாத்திகுளத்துக்கு வடக்கே கரிசல் காட்டுக்குள் இருக்கிறது என் ஊர். என் பெயர் சீனியம்மாள். வேலிக்கருவையை வெட்டி அடுக்கி, மண் பூசி மூட்டம் போட்டு, கரி எடுப்பது தொழில். சுற்றுவட்டத்தில் எட்டு ஊர் அம்மன் கோயில் பொங்கலுக்குக் கும்மியில் முதல் குரல் நான்தான். சீனியம்மாள் வராவிட்டால் அம்மனும் வரமாட்டாள் என்று நான் சொல்வதில்லை, மற்றவர்கள் சொல்வார்கள். நான் மறுப்பதில்லை.

போன பங்குனிப் பொங்கலில் அந்தக் குரல் உடைந்துவிட்டது. மேல் வரிக்கு ஏறும்போது, பானை விரிந்த மாதிரி ஒரு சத்தம். என் நாத்தனார் வேலுத்தாய்தான் இரண்டாம் குரல். அவள் அந்த வரியை என் வாயிலிருந்து பிடுங்கினாற்போல் எடுத்துப் பாடி முடித்தாள். மறுநாள் குழாயடியில் பேச்சு, சீனியம்மாளுக்குக் குரல் போய்விட்டது என்று. அன்று முதல் எனக்கும் வேலுத்தாய்க்கும் பேச்சு இல்லை. இரண்டு பேரும் ஒரே மூட்டத்தில் வேலை செய்கிறோம், ஒரே குடத்தில் தண்ணீர் குடிக்கிறோம். பேச்சு மட்டும்தான் இல்லை.

ஞானதுரை வாத்தியார் நாசரேத்துக்காரர். பள்ளிக்கூடத்தில் பாட்டு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். அவர் மகள் எங்கள் ஊர்ப் பள்ளியில் டீச்சராக இருக்கிறாள். மகளைப் பார்க்க வந்தவர், நான் கரி அள்ளிக்கொண்டே பாடியதைக் கேட்டுச் செருப்போடு கரிக்குள் நின்றுவிட்டார். தூத்துக்குடியில் பாட்டுக்காரர்கள் சிலர் சேர்ந்து ஒரு கூட்டு வைத்திருக்கிறார்களாம். பாட்டுக் கம்பெனிக்காரன் வாசலில் போய் நிற்பதில்லையாம். ஒருத்தர் பாட்டை மற்றவர்கள் கூட நின்று பதிந்து, அவர்களே போனில் ஏற்றி, அவர்களே ஊருக்குச் சொல்வார்களாம். நீங்களும் வாங்கம்மா என்றார். யோசிக்கிறேன் என்றேன். யோசிக்க ஒன்றுமில்லை. உடனே சரி என்று சொல்லிவிட்டால் நம் மதிப்பு என்ன ஆவது? என் மனதில் இருந்தது ஒன்றுதான். குரல் இருக்கிறது என்று மிஷினில் ஏற்றிவிட்டால் குழாயடி வாய் மூடும்.

புறப்படுவதற்கு முந்தின நாள் மூட்டத்துக்குத் தீ வைத்தேன். எண்ணி நாலாம் நாள் நான் திரும்பிப் பிரித்தாக வேண்டும். அதற்குள் மேலே பூசிய மண் எங்காவது விரிந்து காற்று உள்ளே போனால் அத்தனை கட்டையும் சாம்பல். யாராவது பக்கத்திலேயே இருந்து விரிகிற இடத்தில் ஈர மண் அப்ப வேண்டும். வேலுத்தாயிடம் மண்வெட்டியை நீட்டினேன். வாங்கிக்கொண்டாள். அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

முதல் நாள் பஸ் தூத்துக்குடியை நெருங்கும்போது ரோட்டின் இரண்டு பக்கமும் வெள்ளை வெள்ளையாகக் குவியல். எங்கள் ஊரில் வெள்ளையாகக் குவிந்து கிடந்தால் பருத்தி. இங்கே உப்பு. மழைக்குப் பயந்து ஓலை போட்டு மூடி வைத்திருக்கிறார்கள். மழை வந்துவிடுமோ என்று பயப்படுகிற ஊரை அன்றைக்குத்தான் பார்த்தேன். எங்களுக்கு வராதோ என்பதுதான் பயம். ஒரே மாவட்டம் என்று ரேஷன் கார்டில் போட்டிருக்கிறது. எனக்கு வெளிநாடு மாதிரித்தான் இருந்தது.

துறைமுகத்துக்குப் போகிற பெட்டி லாரிகள் ரோட்டை அடைத்து வரிசையில் நின்றன. பஸ் அதற்குப் பின்னால் மாட்டிக்கொண்டது. டிரைவர்கள் லாரி நிழலில் அடுப்பைப் பற்றவைத்து சோறு பொங்கிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தர் துணி துவைத்து லாரியில் கொடி கட்டிக் காயப்போட்டிருந்தார். எத்தனை நாளாக நிற்கிறீர்கள் என்று ஜன்னல் வழியாகக் கேட்டேன். அவர் வாய்விட்டுச் சொல்லாமல் தாடியைத் தடவிக் காட்டினார்.

பஸ் ஸ்டாண்டில் ஷேர் ஆட்டோ பிடித்தேன். ஆறு பேர் இடத்தில் ஒன்பது பேர். எதிரே ஒரு இளவட்டம், முப்பது வயது இருக்கும், போனில் பாட்டைச் சத்தமாக வைத்துக் கேட்டுக்கொண்டு வந்தான். பாட்டு என்றா சொன்னேன்? ஒருத்தன் மூச்சுவிடாமல் கடகடவென்று பேசுகிறான், பின்னால் யாரோ இரும்பைப் போட்டு அடிக்கிறான்.

“ஏலே, இது பாட்டா பஞ்சாயத்தா? அதை அணைச்சுட்டு வாயை மூடிக்கிட்டு வா” என்றேன்.

அணைத்துவிட்டான். நான் ஆட்டோக்காரரிடம், மீன்பிடித் துறைமுகத்துப் பக்கம் ஐஸ் பிளான்ட், அங்கே இறக்கிவிடுங்கள் என்றேன். இளவட்டம் என்னை ஒரு மாதிரி பார்த்தான். ஒன்றும் சொல்லாமல் கடலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான்.

ஆட்டோ என்னை இறக்கிவிட்ட இடத்தில் ஐஸ் தயாராகிக்கொண்டிருந்தது. இடுப்பளவு உயரக் கட்டிகளைக் கொக்கி போட்டு இழுத்து மிஷினில் உடைத்துக்கொண்டிருந்தார்கள். எத்தனை கட்டி வேண்டும் என்று ஒரு அண்ணாச்சி கேட்டார். பாட்டு எடுக்க வந்திருக்கிறேன் என்றேன். அவர் பக்கத்து ஆளைப் பார்த்தார். வெயில் தலைக்கு ஏறிவிட்டது என்று நினைத்திருப்பார்கள். ஒரு ஸ்டூலைப் போட்டு உட்காரவைத்து, ஐஸை நொறுக்கி டம்ளரில் போட்டு, சர்பத் ஊற்றிக் கொடுத்தார்கள். குடித்து முடிக்கும்வரை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அப்புறம் அண்ணாச்சி மெதுவாக, “பாட்டு இங்கன வராது ஆச்சி, ஐஸ்தான் வரும். பாட்டுக்காரங்க ஓடாத பிளான்ட்டுல இருக்காங்க. ரெண்டு தெரு தள்ளி” என்றார்.

ஓடாத ஐஸ் பிளான்ட் மெர்சியாவின் மாமனாருடையது. மெர்சியா கடற்கரைக்காரி, முப்பத்தைந்து வயது. மாதா கோயில் பாட்டுக்குழுவில் கித்தார் வாசிக்கிறவள். கூட்டில் மிஷின் வேலை அவளுடையது. ஐஸ் கட்டிகளை அடுக்கி வைக்கிற அறையில்தான் பாட்டுப் பதிவு. குளிர் வெளியே போகாமலிருக்கச் சுவருக்குள் முழங்கை நீளத்துக்குத் தக்கையும் தெர்மோகோலும் வைத்துக் கட்டியிருக்கிறார்கள். குளிர் போகாத சுவரில் சத்தமும் போகாதாம். கப்பல் சங்கு, லாரி, காக்காய் எதுவும் உள்ளே கேட்காது. இந்த ஊரில் சத்தமில்லாத இடம் இது ஒன்றுதான் என்றாள். வாழ்நாள் முழுக்க நெருப்போடு கிடந்தவள், பாட ஐஸ் அறைக்கு வந்திருக்கிறேன்.

வாத்தியார் வந்து வணக்கம் சொன்னார். அவர் பின்னால் அந்த ஆட்டோ இளவட்டம் நின்றான். பெயர் ரீகன். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன். கூட்டில் அவனும் ஒரு பாட்டுக்காரன். ஆட்டோவில் கேட்டது அவன் பாட்டேதான்.

“வேற பிளான்ட்டுன்னு தெரிஞ்சும் ஏன்லே சொல்லல?” என்றேன்.

“வாயை மூடிக்கிட்டு வான்னு நீங்கதான் சொன்னீங்க ஆச்சி.”

சாப்பாட்டுக்குப் பிறகு என்னை ஐஸ் அறைக்குள் விட்டுக் கதவைச் சாத்தினார்கள். கதவு ஒரு சாண் கனம். வயர் போக ஒரு ஓட்டை, அதற்கு அந்தப் பக்கம் மெர்சியாவும் மிஷினும். காதில் எதையோ மாட்டினார்கள். அதில் பல்லி மாதிரி டிக் டிக் என்றது. கழற்றி ஆணியில் மாட்டிவிட்டேன். எனக்குத் தாளம் பல்லி சொல்ல வேண்டாம்.

முதல் வரியைப் பாடினேன். நிறுத்தினேன். ஒன்றும் வரவில்லை. இரண்டாம் வரியைப் பாடி நிறுத்தினேன். ஒன்றும் வரவில்லை. வெட்டவெளியில் பாடினால் சத்தம் எங்காவது போய்த் தட்டித் திரும்பும். இங்கே வாயைவிட்டு வெளியே வந்ததும் செத்துவிழுகிறது. ஊரார் சொன்னது நிஜம்தான், குரல் போய்விட்டது, மிஷின்கூட வாங்கமாட்டேன் என்கிறது என்று நினைத்தேன். மூன்றாம் வரிக்குப் பிறகு கதவு திறந்தது.

வாத்தியார் பெரிய மனிதர், மெதுவாகத்தான் கேட்டார். “வரி மறந்துபோச்சாம்மா? பெரிய எழுத்துல எழுதித் தரட்டுமா?”

“எனக்கு மறந்தது ஒண்ணே ஒண்ணுதான் வாத்தியாரே. இங்கன எதுக்கு வந்தேங்கிறது” என்றேன்.

மறுபடி கதவைச் சாத்தச் சொல்லி, நிறுத்தாமல் ஒரே மூச்சாகப் பாடிப் பார்த்தேன். அப்படிப் பாடிப் பழக்கமே இல்லை. மூச்சு வாங்கியது. மேல் வரியில் பங்குனிப் பொங்கல் மாதிரியே பானை உடைந்தது. நானே கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்து வெயிலில் நின்றேன். யாரும் பக்கத்தில் வரவில்லை. அந்த மட்டுக்கு நல்ல பிள்ளைகள்.

சாயங்காலம், மக்ரூன் பலகாரம் இருந்த டப்பாவில் சீட்டுப் போட்டுக் குலுக்கினார்கள். அதுதான் அவர்கள் வழக்கம். நாலு பேருக்கு நாலு பாட்டு, நாலு சீட்டு. யாருக்கு எந்தச் சீட்டு வருகிறதோ அந்தப் பாட்டை அவர் ஊருக்குச் சொல்ல வேண்டும். தன்னுடையது தனக்கே வந்தால் திரும்பப் போட்டுவிட வேண்டும். இன்னொன்றும் உண்டு. பதிந்த பாட்டை எல்லோரும் உட்கார்ந்து கேட்டு, பாடினவர் உள்பட அத்தனை கையும் தூக்கினால்தான் அது வெளியே போகும். ஒரு கை தூக்காவிட்டாலும் பெட்டிக்குள்தான்.

நான் எடுத்த சீட்டை எழுத்துக் கூட்டி வாசித்தேன். கன்டெய்னர். ரீகன் பாட்டு. ரீகன் எடுத்ததில் கரிமூட்டம் என்று இருந்தது.

“எடுக்காத பாட்டை எங்கன போய்ச் சொல்ல?” என்றான் ரீகன். கேலியாகச் சொல்லவில்லை. அதனால் இன்னும் உறைத்தது.

மெர்சியா வீட்டில்தான் தங்கல். அவள் மாமியார் கணவாய் வறுத்து வைத்தார். எங்கள் ஊருக்கு வருகிற மீன் கருவாடு ஒன்றுதான். இது எலும்பும் இல்லாமல் முள்ளும் இல்லாமல் ரப்பர் மாதிரி இருந்தது. மூன்றாவது துண்டில் பிடித்துப்போய்விட்டது. முத்து எடுக்கிற ஊர் என்கிறார்களே, முத்து எங்கே என்று கேட்டேன். “முத்தை ரயிலுக்குப் பேரா வச்சுட்டாங்க ஆச்சி, கடல்ல இல்ல” என்றாள் மெர்சியா. இப்போது சங்குதான் எடுக்கிறார்களாம். அவள் தம்பி சங்குக்கு முங்குகிறவன். வாயில் காற்றுக் குழாயைக் கடித்துக்கொண்டு கீழே போவான். மேலே வள்ளத்தில் அந்தக் குழாயைப் பார்த்துக்கொள்கிறவன் அவன் பெண்டாட்டியின் அண்ணன், மச்சான்காரன்.

“ரெண்டு பேருக்கும் பேச்சே கிடையாது ஆச்சி. கல்யாணப் பந்தியில வந்த சண்டை. ஆனா குழாயை வேற எவன் கையிலயும் கொடுக்க மாட்டான்” என்றாள்.

நான் கணவாயை மென்றுகொண்டிருந்தேன். மூட்டத்துப் பக்கம் இந்நேரம் காற்று எப்படி அடிக்கிறதோ என்று நினைத்தேன்.

இரண்டாம் நாள் காலை மீன் குழம்பு ஊற்றித் தோசை. பழைய சோறு இல்லையா என்று கேட்க வாய் வந்தது, விருந்தாளி என்பதால் அடக்கிக்கொண்டேன். என் வயர் கூடையில் ஒரு ஸ்பீக்கரை வைத்து மெர்சியா என்னை மீன் இறங்குகிற இடத்துக்குக் கூட்டிப்போனாள். சீட்டில் வந்துவிட்டது, சொல்லித்தான் ஆகவேண்டும். ஏலம் முடிந்து சனம் டீக்கடைக்கு ஒதுங்கிய நேரம் பாட்டைப் போட்டேன். இரும்பு இடிக்க ஆரம்பித்தது. எல்லோரும் திரும்பினார்கள். ஆச்சி, இது உங்க பாட்டா என்று ஒருத்தர் கேட்டார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. “என் பாட்டா இருந்தா இப்படியா இருக்கும்? கிரேன் ஓட்டுதவன் பாட்டு. அவன் சொல்லுததுல பாதி வெளங்காது. வெளங்குன பாதி நெசம். கேளுங்க” என்றேன்.

கேட்டார்கள். நாற்பதடிப் பெட்டிக்குள் நாடு நாடாகச் சரக்கு போகிறது, நாலடி அறைக்குள் நான் காலை நீட்ட இடமில்லை என்று ஒரு இடம் வரும். அந்த இடத்தில் சுமை தூக்குகிற ஒருத்தர் டீயைக் குடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். இன்னொரு தடவை போடு ஆச்சி என்றார்கள். இதையா இன்னொரு தடவை என்று திட்டிக்கொண்டே போட்டேன். அடுத்த கடையிலும் திட்டினேன். மக்ரூன் கடை வாசலில் திட்டியதை ஒருத்தர் போனில் படம் பிடித்துவிட்டார். மதியத்துக்குள் நான் திட்டுகிற படம் என்னை முந்திக்கொண்டு ஊருக்குள் சுற்றியது. போகிற கடையில் எல்லாம், ஆச்சி, பாதி வெளங்காத பாட்டைப் போடுங்க என்று அவர்களே கேட்டார்கள். ரீகன் போன் ஓயாமல் அடித்ததாம். நான் நாலு நல்ல வார்த்தை சொல்லியிருந்தால் ஒருத்தரும் திரும்பியிருக்க மாட்டார்கள்.

கடைசியாக இறால் உரிக்கிற கொட்டகைக்குப் போனோம். வரிசையாகப் பெண்கள் உட்கார்ந்து உரித்துக்கொண்டிருந்தார்கள். கன்டெய்னரைக் கேட்டு முடித்து, இது இரைச்சல், நீங்க பாட்டுன்னு எதைச் சொல்லுதீய என்றாள் ஒருத்தி. விதிப்படி என் பாட்டை நான் புகழக் கூடாது. பாடிக் காட்டக் கூடாது என்று விதி இல்லை. வாத்தியார் அதை யோசிக்கவில்லை. முதல் வரியைப் பாடினேன்:

“மூட்டம் போட்டு மூணு நாளு மூடி வச்சேன் ஈர மண்ணை”

பாடி நிறுத்தினேன். நிறுத்தின மறு நொடி, அந்த வரிசை முழுக்கக் கை நிற்காமல், தலை நிமிராமல், வரியை அப்படியே திருப்பிப் பாடியது. நான் மூச்சை இழுத்து அடுத்த வரிக்குப் போனேன்:

“உள்ள கெடந்து வெந்தாத்தான் ஊருக்கெல்லாம் அடுப்பெரியும்”

திரும்ப வந்தது. குரல் ஏறியது. உடையவில்லை.

மெர்சியா கூடையைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தாள். “ஆச்சி, நேத்து நீங்க மறந்து நிக்கலியா? எடுக்க ஆளுக்காக நின்னியளா?”

வேறு எதற்கு நிற்பார்கள்? முதல் குரல் வரியைக் கொடுக்கும், கூட்டம் திருப்பிக் கொடுக்கும், அதற்குள் முதல் குரல் மூச்சு வாங்கும். அது இல்லாமல் கும்மி ஏது? இதை ஏன் நேற்றே சொல்லவில்லை என்று கேட்டாள். தண்ணீர் குடிக்கத் தருகிறவரிடம், விழுங்க வேண்டும் என்று யாராவது சொல்லித்தருவார்களா? அவர்களுக்குத் தெரிந்திருக்கும் என்று நான் நினைத்தேன். கிழவி மறந்துவிட்டாள் என்று அவர்கள் நினைத்தார்கள். எழுபது வயது தாண்டிவிட்டால் எதற்கும் காரணம் அது ஒன்றுதான்.

ஆனால் நடந்து வரும்போது வேறொன்றும் பிடிபட்டது. அறைக்குள் நான் காத்துநின்றது கூட்டத்துக்காக இல்லை. என் காது தேடினது ஒரு குரலைத்தான். முப்பது வருஷமாக என் வரி முடியும் முன்பே தொண்டையைச் செருமிக்கொண்டு தயாராக நிற்கிற குரல். இதை மெர்சியாவிடம் சொல்லவில்லை. இப்போதும் எழுதியிருக்க வேண்டாம். எழுதிவிட்டேன், கிடக்கட்டும்.

மூன்றாம் நாள் மதியம் எனக்கு பஸ். காலையில் நாலு பேரும் ஐஸ் அறைக்குள் போனோம். மெர்சியா வெளியே மிஷினைத் தட்டிவிட்டு ஓடிவந்து கதவைச் சாத்தினாள். கும்மி கொட்டச் சொல்லிக்கொடுத்தேன். மெர்சியாவுக்குச் சட்டென்று வந்தது. வாத்தியார் கை தட்டினால் பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு சொல்லவைப்பது போல் இருந்தது. ரீகன் கை எப்போதும் அரைத்தாளம் முன்னால் ஓடியது.

“பெட்டி எறக்குற அவசரமாலே? மெதுவாத் தட்டு” என்றேன்.

“பெட்டியை மெதுவாத்தான் ஆச்சி எறக்கணும். பாட்டுதான் வேகம்” என்றான்.

பாடினோம். ஒருத்தர் உச்சரிப்பில் வேதாகமம், ஒருத்தி குரலில் கடல், ஒருத்தன் வரியைப் பாடாமல் பேசினான். ஆனாலும் வரி திரும்பி வந்தது. அந்தச் செத்த அறைக்குள் எனக்குத் தரை கிடைத்தது. மேல் வரிக்கு ஏறினேன். ஊருக்கெல்லாம் என்கிற இடத்தில் உடைந்தது. இறால் கொட்டகையில் உடையாதது இங்கே உடைந்தது. நான் விட்ட அதே இடத்திலிருந்து ரீகன் குரல் எடுத்தது. அவனுக்குப் பாடவும் தெரியும் என்று அப்போதுதான் தெரிந்தது. எடுத்து, முடித்து, என் கையில் திரும்பக் கொடுத்தான். மீதியைப் பாடி முடித்தேன்.

வெளியே வந்து உட்கார்ந்து கேட்டோம். உடைகிற இடம் மிஷினில் இன்னும் நன்றாகக் கேட்டது. பாட்டு முடிந்தது. வாத்தியார் கை தூக்கினார். மெர்சியா தூக்கினாள். ரீகன் தூக்கினான். மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள்.

நான் கை தூக்கினால் இந்த உடைசல் ஊர் முழுக்கப் போகும். குரல் போகவில்லை என்று காட்ட வந்தவள், அது போன இடத்தை நானே படம் பிடித்து அனுப்பின மாதிரி. தூக்காவிட்டால் பாட்டு பெட்டிக்குள். இன்னொரு தடவை எடுக்க நேரமில்லை, மூட்டம் எனக்காகக் காத்திருக்காது. மெர்சியா என் முகத்தைப் பார்த்து, மிஷினிலேயே அந்த இடத்தை மட்டும் வெட்டி ஒட்டுப் போட்டுவிடலாம், யாருக்கும் தெரியாது என்றாள்.

நான் ரீகனைப் பார்த்தேன். “நீ எதுக்குலே எடுத்த? கெழவி விழுந்துட்டான்னா?”

அவன் பயந்துபோனான். “வேணும்னு எடுக்கல ஆச்சி. வடம் நழுவுனா கை தானாப் போகும்லா? நீங்க விட்டீங்க, வாய் போயிட்டு.”

வாய் போய்விட்டதாம். பங்குனியிலிருந்து நான் ஒருத்தியைப் பிடுங்கினவள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன். அவளிடம் போய் எதற்கு எடுத்தாய் என்று நான் கேட்கவேயில்லை. ஒட்டுப் போட வேண்டாம் என்று மெர்சியாவிடம் சொல்லிவிட்டுக் கையைத் தூக்கினேன். சும்மா தூக்கவில்லை. முழுக்கையையும் நீட்டித் தூக்கினேன்.

திரும்புகிற பஸ்ஸும் லாரி வரிசையில் மாட்டியது. எனக்கு இருக்கை கிடைத்தது, அதனால் ஊர் நல்ல ஊர் என்று நினைத்துக்கொண்டேன். மடியில் மக்ரூன் பொட்டலம். பாதி நொறுங்கிவிட்டது. மீதியை வேலுத்தாய்க்கு என்று தனியாக முடிந்துகொண்டேன்.

நாலாம் நாள் விடிந்ததும் மூட்டத்துக்குப் போனேன். எங்கும் விரிசல் இல்லை. மண் வழவழவென்று பூசியிருந்தது, நான் பூசினதைவிட நன்றாக. வேலுத்தாய் முகமெல்லாம் மண்ணும் புகையுமாக உட்கார்ந்திருந்தாள். மக்ரூன் பொட்டலத்தைப் பக்கத்தில் வைத்தேன். பிரித்து ஒன்றை வாயில் போட்டாள். போன காரியம் என்ன ஆயிற்று என்று கேட்கவில்லை. நானும் சொல்லக் கூடாது. விதி.

அடுத்த வாரம், கரி ஆறி மூட்டை பிடித்துக்கொண்டிருக்கும்போது லோடு ஏற்ற லாரி வந்தது. டிரைவர் தூத்துக்குடியிலிருந்து வருகிறவர். வண்டியை நிறுத்தியும் பாட்டை நிறுத்தவில்லை. மூட்டம் போட்டு மூணு நாளு என்று லாரிக்குள்ளிருந்து என் குரல் வந்தது. துறைமுக வரிசையில் நிற்கிற வண்டிகளுக்கெல்லாம் கிரேன்காரத் தம்பி ஒருத்தன் இறங்கி வந்து இதை ஏற்றிக் கொடுக்கிறான், நாள்கணக்கில் நிற்கிறவனுக்கு வேறென்ன வேலை, கேட்டுக் கேட்டு மனப்பாடம் ஆகிவிட்டது என்றார்.

வேலுத்தாய் சாக்கைப் பிடித்தபடி நின்றாள். அவள் கை வரிக்கு வரி அசைந்தது. பாட்டு மேல் வரிக்கு ஏறியது. நான் கரியை அள்ளாமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உடைந்தது. உடைந்ததுதான் தாமதம், லாரிக்குள் ரீகன் எடுக்கும் முன்பே என் பக்கத்தில் வேலுத்தாய் எடுத்துவிட்டாள். பாடி முடித்தபின்தான் தான் பாடினதே அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

“எவன் மைனி அவன்? பிந்தி எடுக்கான்” என்றாள். பங்குனிக்குப் பிறகு அவள் என்னிடம் பேசின முதல் பேச்சு.

“கிரேன் ஓட்டுதவன்.”

“அதான. மூச்சு போற வரைக்கும் பாத்துக்கிட்டு நிக்கான். நான்லா நிக்கணும் அங்கன.”

அன்று சாயங்காலமே வாத்தியார் மகள் டீச்சரிடம் போய்ப் பாட்டைத் தன் மகன் போனில் வாங்கிக்கொண்டாள். குழாயடியில் வைத்து எல்லோருக்கும் போட்டுக் காட்டினாள். மைனி விட்ட இடத்தை எவனோ ஒருத்தன் எவ்வளவு பிந்தி எடுக்கிறான் பாருங்கள், கேளுங்கள் என்று ஒவ்வொருத்தராகப் பிடித்து நிறுத்தினாள். குரல் போய்விட்டது என்று சொன்ன நாலு பேரும் உள்பட எல்லோரும் கேட்டார்கள், அவன் பிந்துகிறானா இல்லையா என்று இரண்டு கட்சியாகச் சண்டை போட்டுக்கொண்டார்கள். குரலைப் பற்றி ஒருத்தரும் பேசவில்லை.

நான் குடத்தோடு அங்கேதான் நின்றேன். பாட்டு எப்படி மதினி என்று ஒருத்தி என்னையே கேட்டாள். விதி வாயைக் கட்டியது. போய்வந்த மூன்று நாளில் பஸ்ஸும் ஆட்டோவும் ஐஸும்கூட எனக்கு இவ்வளவு சிரமம் தரவில்லை.

“அது கெடக்கட்டும். கன்டெய்னர்னு ஒரு பாட்டு இருக்கு. பாதி வெளங்காது. அதைப் போடச் சொல்லு” என்றேன்.